விமானத்துக்குக் கீழே, ஆற்றுக்குப் பக்கத்தில்: பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் அனுபவங்கள்

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் பழைய வீட்டை இடித்து, புதிதாகக் கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் தெரிந்தவர்கள் நான்கு பேர் "பொழிச்சலூர் பக்கம் வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

அப்பா இங்கே ஒரு கிரவுண்ட் வாங்கியது 1992-ல். அப்போது சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம், அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். ஏழரைச் சனி என்று அம்மா விடாமல் சொன்னதால் ஒரு சனிக்கிழமை எள் தீபம் போட வந்தவர், கோயில் வாசலில் பேச்சுக் கொடுத்த ஒருவருடன் போய் மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த வாரமே முன்பணம் கொடுத்தாயிற்று. கிணற்றில் பன்னிரண்டு அடியில் தண்ணீர். மழைக்காலத்தில் வாளியைக் கையாலேயே முக்கி எடுத்திருக்கிறேன். தெருவில் மனை 24, வீடு 5. மீதி இடமெல்லாம் பனையும் முள்ளும்.

இப்போது அந்த 24 மனையில் 15-ல் அடுக்குமாடி நிற்கிறது. போன கார்த்திகை தீபத்தன்று விளக்கு வைத்துவிட்டு, தெருவை ஒரு சுற்று நடந்து நானே எண்ணினேன். 123 குடும்பங்கள். தெரு அதே இருபதடித் தெருதான், ஓரத்தில் ஓடும் கால்வாயும் அதேதான்.

ஏன் இங்கே இவ்வளவு நெருக்கம் என்றால் காரணம் எளிது. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்களும் மணப்பாக்கம், கிண்டி கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் ஜி.எஸ்.டி. ரோட்டை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஒட்டியே வீடு தேடுகிறார்கள். அங்கே ஒரு பக்கம் விமான நிலையச் சுவர், இன்னொரு பக்கம் ராணுவக் கண்டோன்மென்ட், அதைத் தாண்டினால் திரிசூலம் மலை. மிச்சம் இருப்பது மேற்குப் பக்கம், அதாவது அடையாற்றுப் பக்கம். 2011 கணக்கெடுப்பில் பம்மலில் ஏறக்குறைய 76,000 பேர், அனகாபுத்தூரில் 48,000 பேர். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே இன்று எத்தனை பேர் என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பழைய எண்தான் இருக்கிறது. 2021 கடைசியில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் அதில் சேர்ந்தன. பொழிச்சலூர் வெளியே, ஊராட்சியாகவே நின்றது. பன்னாட்டு விமான நிலையத்தின் மதில் ஓரத்தில் இத்தனை ஆயிரம் பேரை ஒரு கிராம ஊராட்சியின் வருமானத்தில் சமாளிக்கச் சொன்னால் யார் வந்தாலும் திணறத்தான் செய்வார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

வீடு கட்ட விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று வாங்கினோம். முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கட்டடம் எத்தனை மாடி என்று அவர்கள் கேட்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து உச்சி எவ்வளவு உயரம் என்றுதான் கேட்பார்கள். அதில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஆன்டெனா எல்லாம் சேரும். விமான நிலையத்தைச் சுற்றி 4 கி.மீ. வரை அதன் மட்டத்துக்கு மேல் 45 மீட்டர் என்பது பொதுவான வரம்பு. ஓடுதளத்துக்கு நேர்முனையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரம்பு சரிந்துகொண்டே வந்து குறையும். இதற்காக ஒரு சர்வேயர் கருவியோடு வந்து, எங்கள் மனையின் தரை கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே என்று அளந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் காகிதம் கையில் இருந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்த வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்பதையும் இதே எண்ணை வைத்துச் சொல்லியிருக்கலாமே! விமானத்துக்காக எங்கள் தரையைச் சென்டிமீட்டர் சுத்தமாக அளந்தாயிற்று. வெள்ளத்துக்காக அந்த எண்ணை ஒருவரும் கேட்கவில்லை. கழிவுநீர் எங்கே போகும், 123 குடும்பத்துக்கு இந்தக் கால்வாய் தாங்குமா என்று கேட்கும் சான்று ஏதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மேலே எவ்வளவு போகலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. உயரப் போக முடியாது என்பதால் மனை முழுக்க அகலத்தில் நிரப்பிவிடுகிறோம். மழை இறங்க ஒரு கை மண் மிச்சமில்லை.

சத்தத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது காற்றைப் பொறுத்தது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது எங்கள் மாடிக்கு மேலேதான் இறங்கும். சக்கரம் தெரியும், நிழல் துணி காயும் கொடியைத் தடவிக்கொண்டு போகும். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எங்கள் பக்கமாக ஏறும். சத்தம் அதிகம் ஏறும்போதுதான். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும், பிறகு பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு விட்ட இடத்தில் தொடரப் பழகிவிடுவீர்கள். பெரியவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீடு என்றால் மட்டும் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அனகாபுத்தூரிலிருந்து ஓர் அம்மா:

தம்பி, கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நாங்கள் நெசவுக் குடும்பம். எங்கள் ஊரில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் போனது. கட்டம் போட்ட துணி, அங்கே கல்யாணத்துக்கு உடுத்துவார்கள் என்று மாமனார் சொல்வார். ஏற்றுமதி படுத்த பிறகு ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. வாழைநாரில் புடவை நெய்கிறவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. 2015-ல் தண்ணீர் முதலில் நிரம்பியது அந்தக் குழிகளில்தான். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று பிறகு பேப்பரில் படித்தோம். அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, கரண்ட் போனதும் தறிக்குழியிலிருந்து கேட்ட குளுகுளு சத்தமும்தான். தறியில் பாவு நூல் ஏற்றி இரண்டே நாள் ஆகியிருந்தது. அதை அறுத்து எடுக்கக்கூட நேரமில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடிக்கு ஏறினோம். விமான நிலையத்திலேயே தண்ணீர் நின்று 6-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. ராத்திரியில் விமானச் சத்தம் இல்லாமல் நான் முதல் தடவையாகத் தூங்கியது அந்தச் சில நாட்கள்தான். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டோம். அந்த அறையில் இப்போது கார்கோவில் வேலை செய்யும் மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை சோறு போடுகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போனால் இன்றும் காலை எட்டி வைத்துத்தான் நடக்கிறேன், குழி இருந்த இடத்தை மிதிக்க வரவில்லை.

2025 மே மாதம் ஆற்றோரத்து வீடுகளை இடித்தார்கள். என்னோடு ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் தைலாவரம், கீரப்பாக்கம், நாவலூர் என்று பிரிந்து போனார்கள். ஆறு அகலமாக வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது, வெள்ளத்தை நேரில் பார்த்தவள்தானே. ஆனால் அவர்கள் வீட்டு வேலைக்குப் போன இடமெல்லாம் இங்கே, பிள்ளைகள் படித்த பள்ளி இங்கே. அதை யோசித்துச் செய்திருக்கலாம்.

பம்மலில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்:

அம்மா சொன்ன அந்தப் பையன்கள் மாதிரி ஒருவன்தான் நானும். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், விமானத்தில் பெட்டி ஏற்றும் வேலை, நாலு பேர் ஓர் அறை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஓடுதள விளக்கு வரிசையாகத் தெரியும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரம் போல இருக்கும். ஆனால் வேலைக்குப் போக மதிலைச் சுற்றி, பம்மல் மெயின் ரோடு, பல்லாவரம், ஜி.எஸ்.டி. ரோடு என்று ஆறேழு கி.மீ. ஆகிறது. அதிகாலை 3 மணி ஷிப்டு என்றால் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது. அறையில் ஒரே ஒரு பைக். அதன் முறை வைத்துத்தான் எங்கள் தூக்கமே நடக்கிறது.

பகலில் பம்மல் வழியாகப் போகும் அந்தக் குன்றத்தூர் சாலையைப் பார்க்க வேண்டும். தண்ணி லாரி, செப்டிக் டேங்க் லாரி, தோல் ஏற்றும் வண்டி, காலேஜ் பஸ், நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பல்லாவரம் மேம்பாலம் 2020-ல் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, ஆனால் அந்த ரோட்டுக்கு வந்து சேர்வதுதானே எங்கள் பாடு. மெட்ரோ 2016-லேயே விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. கிளாம்பாக்கம் வரை 15 கி.மீ. நீட்டுவதாகத் திட்டம் இருக்கிறது, அதிலும் பல்லாவரம்தான் எங்களுக்கு நிறுத்தம். பம்மலிலிருந்து பல்லாவரத்துக்கு விடிகாலையில் இரண்டு சின்ன பஸ் விட்டாலே எங்களைப் போல எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்வோம்.

தண்ணீர் விஷயம் ஒன்று. வீட்டுக்காரர் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நாகல்கேணி தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கம் நிலத்தடி நீர் எப்போதோ கெட்டுப்போனது. குளித்தால் முடி பிசுபிசு என்றாகிவிடுகிறது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேன் குடிதண்ணீர். சம்பளத்தில் வாடகைக்கு அடுத்த செலவு அதுதான்.

நங்கநல்லூரிலிருந்து:

நாங்கள் ஓடுதளத்தின் கிழக்குப் பக்கம். ஆடியில் எங்கள் தலைக்கு மேல் இறங்கும், ஐப்பசியில் உங்களிடம் வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் பாக்கியசாலிகள். 1990-களின் கடைசியில், ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். எங்கள் அப்பா அந்தப் பணத்தை இரண்டு தவணையாகக் கட்டினார், வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. இன்று செப்டிக் லாரி என்ற வார்த்தையே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீடுகள் பெருகுவதற்கு முன்னாலேயே குழாய் போட்டதால்தான் முடிந்தது. உங்கள் பக்கம் தெருவுக்கு நூறு குடும்பம் வந்த பிறகு தோண்டுவது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

புதிதாக வந்த ஒருவர்:

அண்ணா, பொழிச்சலூரை ஒட்டிய கவுல் பஜாரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். இதைவிட்டால் எங்கள் பட்ஜெட்டில் செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குப் போரூரில். வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

முதலில் எழுதியவர்:

தம்பி, ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இரண்டு பேருடைய வேலை இடத்துக்கும் அந்த ஊரிலிருந்து போய்வரலாம், நியாயமான யோசனைதான். ஆனால் ஆறு அங்கே பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இரண்டாவது ஓடுதளமே அந்த ஆற்றின் மேல் பாலம் கட்டி நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பில்டர் ஆபீஸில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். கார்த்திகையில், நல்ல மழை விட்ட மறுநாள், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே போங்கள். தெரு மூலையில் இருக்கும் இஸ்திரிக் கடைக்காரரிடமோ மாவு அரைக்கும் அக்காவிடமோ 2015-ல் எது வரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எது வரை வந்தது என்று கேளுங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு விற்க ஒன்றும் இல்லை.

செப்டிக் லாரி மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறது, அதற்கு ஆளுக்கு எவ்வளவு என்று குடியிருப்பவர்களைக் கேளுங்கள். விமான நிலையத் தடையில்லாச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அனுமதித்த உச்சி உயரமும் மனையின் தரைமட்டமும் இருக்கும். தரைமட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, ஆற்றங்கரையில் இருக்கும் வீட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் என்றால் தரைத்தளம் வேண்டாம். கீழே வீடு கட்டாமல் முழுக்க தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளமாக விட்டு, மின்சார மீட்டர் பெட்டியை முதல் மாடி மட்டத்துக்கு ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்களுக்கு வந்த கான்ட்ராக்டர் மீட்டரை முட்டி உயரத்தில்தான் வைக்கப் போனார். தடுத்து நிறுத்தி மேலே ஏற்ற வைப்பதற்குள் ஒரு வாரம் சண்டை.

அதே கான்ட்ராக்டரிடம் இன்னொரு வேலையும் சொன்னேன். பழைய வீட்டை இடிக்கும் முன் ஹால் சுவரில் 2015 தண்ணீர் நின்ற கறையைத் தரையிலிருந்து அளந்து வைத்திருந்தேன். புதுக் கட்டடத்தின் வாசல் தூணில் அதே உயரத்தில் ஒரு கறுப்பு டைல் பதிக்கச் சொன்னேன். "எதுக்கு சார், பார்க்க நல்லா இருக்காதே" என்றார். பதித்துவிட்டார். மாடியில் குடிவருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தத் தூண் இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.