தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

அல்சூர்வாசி:
போன வாரம் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இங்கே பெங்களூரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அம்மா "மதர் டங்?" என்றார். "சௌராஷ்டிரா" என்றேன். பட்டியலில் மேலும் கீழும் தேடிவிட்டு, "இல்லையே சார், குஜராத்தி போட்டுடட்டுமா?" என்றார். நாங்கள் மதுரைக்காரர்கள். குஜராத் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "சரி, தமிழ் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் கரண்டியோடு நின்றுவிட்டார். "அப்போ இனிமே பாத் வேணும்னு என்கிட்ட கேக்காதே, சோறுன்னே கேளு." (எங்கள் மொழியில் பாத் என்றால் சோறு. பையனுக்கோ பாத் என்றால் பிசிபேளே பாத்!)

அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலேயே எங்களைக் குஜராத்திக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள். 2011இல் 2,47,702 பேர். எழுத்திலும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை: சொந்த எழுத்து, தேவநாகரி, தமிழ் என்று மூன்று கட்சி. பாட்டியின் கடிதங்கள் தமிழ் எழுத்தில் இருக்கும், க, ப தலையில் ஒலி வித்தியாசம் காட்டும் குட்டிக் குட்டி எண்களோடு. சொந்த எழுத்து 2008இல் யூனிகோடில் ஏறிவிட்டது. என் போனில் அழகாகத் தெரிகிறது, வீட்டில் படிக்கத்தான் ஆளில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற டீச்சர், ஜெயநகர்:
2011 கணக்கெடுப்புக்கு நான் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் எண்பது வயதுப் பாட்டி "சங்கேதி" என்றார். பேரன் குறுக்கே வந்து, "கன்னடான்னு எழுதுங்க மேடம், அது சும்மா வீட்டுப் பேச்சு" என்றான். பாட்டி அவனைத் திட்டியதில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்தவர்கள், பேச்சில் தமிழும் கன்னடமும் பின்னிக்கிடக்கும். எங்களுக்குக் கொடுத்த உத்தரவு, சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அது மொழியா வட்டார வழக்கா என்று நாங்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதுதான். பாட்டிக்கு சங்கேதி என்றே எழுதினேன்.

ஆனால் எழுதியதெல்லாம் அப்படியே அச்சில் வராது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வருடம் நாடு முழுக்க மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. சலித்தபோது 1,369 தாய்மொழிகள். அப்புறம் 10,000 பேருக்குக் குறைந்தவற்றை 'மற்றவை'யில் தள்ளி, மிச்சத்தைப் பெரிய மொழிகளின் கீழே அடுக்கி, கடைசியில் 121 மொழிகள். பாடப்புத்தகம், அகாடமி என்று எதைக் கேட்டுப் போனாலும் "எத்தனை பேர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பேரன் மாதிரி ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் எண்ணிக்கைக்கு எங்கே போவது?

கோத்தகிரிப் பெண்:
நான் நீலகிரிப் படுகர், வீட்டில் பேசுவது படுக மொழி. ஒயிட்ஃபீல்டில் ஆட்டோவில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது டிரைவர், "இது எந்த ஊர் கன்னடம்மா?" என்று கேட்டு, சொந்த ஊர்க்காரி கணக்காக இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை, மாதக் கடைசி. கணக்கெடுப்பிலும் அதே கதைதான்: எங்கள் 1,33,550 பேரும் கன்னடத்துக்குக் கீழே. ஆனால் ஊரில் நான் படித்தது தமிழும் இங்கிலீஷும்தான். ஹட்டி (எங்கள் ஊர்), ஹெத்தை (எங்கள் தெய்வம்) என்று எழுதக் கிரந்த ஹ இல்லாவிட்டால் கை ஓடாது. இங்கே துளுவுக்கு அகாடமி இருக்கிறது, பள்ளியில் மூன்றாம் மொழியாகவும் எடுக்கலாம். என் ரூம்மேட் துளுக்காரி, அதைச் சொல்லிச் சொல்லியே வெறுப்பேற்றுகிறாள்.

அல்சூர்வாசி:
டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மறுபடியும் பள்ளிக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். தமிழை எடுத்துவிட்டு 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக் கட்டத்தில் சௌராஷ்டிரா என்று அடித்துக் கொடுத்தார். ரசீதில் வெறும் 'இதர' மட்டும்தான் அச்சாகி வந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.