வேரோடு எடுத்தீர்களா, வெட்டினீர்களா?

மனுதாரர்:
"மனு எழுதுகிறவர்கள் கரையில் உட்கார்ந்து புலம்பட்டும், நாங்கள் இறங்கிக் கண்மாயைச் சுத்தம் செய்துவிட்டோம்" என்று தம்பி கண்மாய்க்கரையான் நேற்று முழங்கியிருக்கிறார். மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. அங்கே மண்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தீர்களா, வெட்டினீர்களா?

கண்மாய்க்கரையான்:
அண்ணனுக்குக் கேள்வி கேட்க மட்டும் அலுப்பே வராது. அரிவாள் பிடித்துக் கையெல்லாம் கொப்புளம். படம் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?

மனுதாரர்:
அரிவாள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அரிவாளுக்கு வேர் வராது. அடிக்கட்டை மண்ணில் இருக்கும்வரை அந்த மரம் சாகாது. ஒரு மழை பெய்தால் பக்கத்துக்குப் பக்கம் துளிர்க்கும். வேரோடு எடுத்தீர்களா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கண்மாய்க்கரையான்:
வேரோடு எடுக்கப் பொக்லைன் வேண்டும். வாடகைக்குப் பணம் கேட்டு உங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றோம். "கலெக்டருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும்" என்றீர்கள். வந்துவிட்டதா?

வைகைவாசி:
2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. இளைஞர்கள் செய்தால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

மனுதாரர்:
அதே ஆண்டு சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிச் செய்தி படித்தவர்களோடு பேசுவது சிரமம். மேலும், கண்மாய் மரம் ஊர்ச் சொத்து, ஏலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஏலம் நடந்ததா? வெட்டிய மரம் எந்தக் கரி மூட்டத்துக்குப் போனது?

கண்மாய்க்கரையான்:
வந்துவிட்டார் கணக்குக் கேட்க! கோயில் திருவிழாக் கணக்கை நாங்கள் கேட்டபோது வாட்ஸப் குழுவிலிருந்து எங்களை நீக்கியவர் யார்?

பழைய ஆயக்கட்டு:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தண்ணீர் நிற்கும் உள்வாயில் மரம் இருந்தாலென்ன, போனாலென்ன? வரத்துக் கால்வாய் தூர்ந்து மேடாகிக் கிடக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்? முன்பெல்லாம் மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராவிட்டால் மடையில் தண்ணீர் கிடையாது.

மனுதாரர்:
பெரியவர் சொல்வதுதான் என் மனு! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கால்வாயின் அளவு காட்டும் புலப்படத்தை வாங்கியவன் நான். 30 நாளில் தர வேண்டியதை இழுத்தடித்தார்கள், மேல்முறையீடு செய்து வாங்கினேன். குளங்கள் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. கையில் அளவு இல்லாமல் யாரை வெளியேற்றுவீர்கள்? செயல் என்றால் அரிவாள் மட்டும்தானா?

கண்மாய்க்கரையான்:
படத்தை வாங்கிப் பீரோவில் வைத்தாயிற்று. பிறகு? கால்வாயை உழுது கடலை போட்டிருப்பது உங்கள் மச்சான்தானே?

மனுதாரர்:
அது பட்டா நிலம். நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். என் குடும்பத்தை இழுப்பதிலிருந்தே தெரிகிறது, வேரோடு எடுக்கவில்லை.

வைகைவாசி:
கிராம சபையில் தீர்மானம் போட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அக்டோபர் 2 கூட்டத்துக்கு இரண்டு பேரும் வந்தீர்களா?

மனுதாரர்:
நான் வந்தேன். கையெழுத்துப் போட்டேன். பேச எழுந்தால் மைக்கை அணைத்தார்கள். அணைத்தது கண்மாய்க்கரையானின் சித்தப்பா.

கண்மாய்க்கரையான்:
மின்சாரம் போனதற்குச் சித்தப்பா என்ன செய்வார்? வேண்டுமானால் மின்வாரியத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்.

பழைய ஆயக்கட்டு:
மடைப் பலகை உடைந்திருக்கிறது. அதை யார் மாற்றுவது?

மனுதாரர்:
பெரியவரே, பொறுங்கள். முதலில் மின்சாரம் போகவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.