புதுப்பிப்பு: கல்லீரல் கதிர்வீச்சுக்குப் பிறகு வயிறு வீங்கினால்

கல்லீரல் புற்றுக்கான எஸ்.பி.ஆர்.டி. (சில அமர்வுகளில் கட்டியைக் குறிவைத்து அதிக அளவில் தரும் கதிர்வீச்சு) பற்றிய முந்தைய இழையில் அதிகம் வந்த கேள்வி: சிகிச்சை முடிந்து ஆறு வாரத்தில் வயிற்றில் நீர் கோர்த்தால் புற்று பரவிவிட்டதா? அப்படி முடிவுகட்ட வேண்டாம். கதிர்வீச்சால் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இந்தப் பாதிப்பின் ‘கிளாசிக்’ வடிவம் சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் முதல் நான்கு மாதத்துக்குள் வரும். கல்லீரலின் நுண்சிரைகள் அடைபட்டு இரத்தம் தேங்கும். கல்லீரல் பெரிதாகும், எடை ஏறும், ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இயல்பின் இரு மடங்குக்கு மேல் போகும், ஆனால் பெரும்பாலும் மஞ்சள் காமாலை இருக்காது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உள்ளவர்களிடம் வேறு மாதிரி: ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதிகள் இயல்பின் ஐந்து மடங்கைத் தாண்டும், அல்லது கல்லீரல் எவ்வளவு நலிந்தது என்று காட்டும் சைல்ட்-பியூ மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் கூடும். நம் நாட்டில் கல்லீரல் புற்று பெரும்பாலும் சிரோசிஸ் மேல்தான் வருகிறது, ஆகவே இதையே அதிகம் கவனிக்க வேண்டும்.

இதை நேரடியாகக் குணமாக்கும் மருந்து இல்லை. உப்பைக் குறைப்பது, நீர் பிரிய மாத்திரை, தேவைப்பட்டால் ஊசியால் நீரை எடுப்பது, அவ்வளவுதான். ஆகவே பாதுகாப்பு கதிர்வீச்சைத் திட்டமிடுவதிலேயே இருக்கிறது. மூன்று அமர்வு சிகிச்சையில், புற்றில்லாத கல்லீரல் பகுதியில் குறைந்தது 700 கன செ.மீ. மொத்தம் 15 கிரேக்குக் (கதிர்வீச்சின் அளவு அலகு) கீழ் வாங்க வேண்டும் என்பது பரவலான வரம்பு. ஹெபடைடிஸ் பி இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை முன்பே தொடங்க வேண்டும். அந்த வைரஸ் மீண்டும் விழித்துக்கொண்டாலும் இதே ரத்த மாற்றங்கள்தான் தெரியும்.

இன்னொன்று, மூன்றாம் மாத ஸ்கேனில், ஊசி வழி செலுத்தும் சாயத்தை ஏற்றுக் கட்டி இன்னும் ‘ஒளிர்வது’ மட்டுமே சிகிச்சையின் தோல்வி ஆகாது. அந்தப் பிரகாசம் அடங்கப் பல மாதங்கள் ஆகலாம்.