புதுப்பிப்பு: ரெய்டு 5-இலிருந்து நல்ல வட்டு வெளியேறிய சிக்கல் தீர்ந்தது

லினக்ஸ் மென்பொருள் ரெய்டிலிருந்து (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளைச் சேர்த்த தொகுப்பு) நல்ல வட்டு ஒன்று அடிக்கடி வெளியேற்றப்படுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டது.

ஒரு செக்டரை (வட்டின் சிறு சேமிப்புப் பகுதி) படிக்க முடியாவிட்டால், ரெய்டை நடத்தும் லினக்ஸின் எம்டி இயக்கி மற்ற வட்டுகளிலிருந்து தரவைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். அதுவும் தோற்றால்தான் வட்டை விலக்கும். என் வட்டோ பிழையை உடனே சொல்லாமல் அந்தச் செக்டரைப் படிக்க நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பையே மீட்டமைக்கும். அந்நேரத்தில் எழுதினால் எப்படி வெற்றி பெறும்? அதனால்தான் வட்டு விலக்கப்பட்டது.

வட்டு இப்படி முயலும் மீட்பு நேரத்தை 7 விநாடியாகக் குறைக்கும் வசதி இந்த வட்டில் இல்லை. ஆகவே கெர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக்கினேன். மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும். துவக்க நிரலிலும் சேர்த்துவிடுங்கள்.

நேற்றிரவு முழுச் சோதனை ஓட்டினேன். பதிவேட்டில் ஒரே வரி: படிப்புப் பிழை திருத்தப்பட்டது, 8 செக்டர்கள். வட்டு இடத்திலேயே இருக்கிறது.