கலைச்சொல்: ‘ஒருபக்கப் புறக்கணிப்பு’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அன்பர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்தவரை வார்டிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் இடங்களில், வீட்டாருக்குத் தமிழில் ஒரு குறிப்புத் தாள் எழுத உட்கார்ந்தால் ‘நெக்லெக்ட்’ என்ற சொல்லில் பேனா நின்றுவிடுகிறது: மூளை அடிபட்டதால் ஒரு பக்கத்தில் உள்ளது கவனத்துக்கே வராமல் போகும் குறை அது. முதலில் கைக்கு வருவது ‘ஒருபக்கப் புறக்கணிப்பு’. அதைக் கைவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

புறக்கணிப்பது என்றால் தெரிந்தே ஒதுக்குவது. தேர்தலைப் புறக்கணிக்கலாம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் புறக்கணிக்கலாம். இந்த நோயாளி எதையும் ஒதுக்கவில்லை. மூளையின் வலப்பாதி இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும். வலப்பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்கு எட்டுவதில்லை. தாளில் ‘புறக்கணிப்பு’ என்று படிக்கும் மனைவியோ “வேணும்னே பண்றாரு” என்றுதான் எடுத்துக்கொள்வார்.

வாழையிலைச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். நுனி இடப்பக்கம். அங்கே வைத்த ஊறுகாயும் கூட்டும் வைத்தபடி கிடக்கும். வலப்பக்கம் துடைத்தாற்போல் காலி. “கூட்டே வைக்கலையே” என்று கேட்பார். இலையைச் சுற்றித் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார்.

மாற்றாகத் தோன்றும் சொற்களிலும் குறை உண்டு. ‘கவனக்குறைவு’ மறுபடி அவரையே குற்றம் சொல்கிறது. ‘உணர்வின்மை’ என்றால் கை மரத்துப்போனதாக நினைப்பார்கள். ‘பாதிப்பார்வை’ வேறொரு குறைக்கு வேண்டும்: பார்வைப்புலத்தில் பாதி போனவருக்குப் பெரும்பாலும் அது தெரியும், தலையைத் திருப்பிச் சமாளிப்பார். இவருக்குத் திருப்பவே தோன்றாது.

என் பரிந்துரை: பக்க விடுபாடு. ‘விட்டார்’ என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. ‘விடுபட்டது’ என்றால் இல்லை. “பட்டியலில் பேர் விடுபட்டுப் போச்சு” என்று எல்லாரும் சொல்கிறோம். பக்கவாதத்தோடு ஒட்டி நிற்பதால் மனத்திலும் பதியும்.

— செந்தூல், கோலாலம்பூர்

~

மறுமொழி:

வினையைப் பிடித்த விதம் சரி. ஆனால் ‘விடுபடுதல்’ என்றால் விடுதலை பெறுவதும்தான். ‘நோயிலிருந்து விடுபட்டார்’ என்று தினமும் எழுதுகிறோம். ‘இடப்பக்க விடுபாடு’ என்று தாளில் கண்டால் இடப்பக்கம் குணமாகிவிட்டது என்று மகன் படித்துவிடலாம். பெயர்ச்சொல்லைத் தனியாக விடக்கூடாது.

இன்னொன்று, வகைகளுக்கும் சேர்த்துச் சொல் வேண்டும். முகத்தில் பாதியை மட்டும் சவரம் செய்வது, சட்டையின் இடக்கையை மாட்டாமல் விடுவது உடல் சார்ந்தது. தட்டும் தண்ணீர்க் குவளையும் கையெட்டும் வெளி. கதவு நிலையில் இடப்பக்கம் மோதிக்கொள்வது அதற்கப்பாற்பட்டது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் இருக்கும். மெய் விடுபாடு, கையெட்டு விடுபாடு, தொலை விடுபாடு எனலாமா?

வாசிப்பிலும் இது வரும். வரியின் தொடக்கம் போகும், சில வேளை சொல்லின் தலையே போகும்: ‘தலைவலி’ என்பதை ‘வலி’ என்று படிப்பார். பக்கத்தின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு, “கோட்டைக் கண்டுபிடிச்சிட்டு அடுத்த வரிக்குப் போங்க” என்று பழக்குகிறோம். அதற்கு ‘ஓரக்கோடு’ போதும்.

— ஜார்ஜ்டவுன், பினாங்கு

~

மறுமொழி:

விடுதலைப் பொருள் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். மருத்துவக் குறிப்பில் ‘பக்க விடுபாடு’ இருக்கட்டும். வீட்டுத் தாளில் முழு வாக்கியம்: ‘இடப்பக்கம் இவர் கவனத்தில் விடுபட்டுப் போகிறது.’ இதைக் குணமாகிவிட்டதென்று யாரும் படிக்க முடியாது. மூன்று வகைப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

தாளின் மற்ற வரிகளிலும் அதே வினை நிற்க வேண்டும். சக்கர நாற்காலியில் இட பிரேக்கைப் போடுவது விடுபடும். எழும்போது நாற்காலி சுழன்று இடப்பக்கமாக விழுவார். அதற்கு இட பிரேக் பிடியில் ஒரு ஜாண் பிவிசி குழாயைச் செருகிச் சிவப்பு டேப் சுற்றுகிறோம். அதற்கு மேல் நீண்டால் கட்டிலுக்கு மாறும்போது தொடையில் இடிக்கும். இடக்கை மடியில் இருக்கிறதா என்று தள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டும். விடுபட்ட கைதான் சக்கரக் கம்பியில் சிக்கும். சட்டையை இடக்கையில் முதலில் மாட்ட வேண்டும். அழைப்பு மணி மட்டும் எப்போதும் வலப்பக்கம். பயிற்சிக்காக அதை இடப்பக்கம் வைப்பது தவறு, அவசரத்தில் அவர் கைக்கு அது கிடைக்காது. பேசப் போகிறவர்கள் இடப்பக்கமாகப் போய், அவர் திரும்பும் வரை காத்திருக்கலாம்.

சோதனைப் பெயர்களையும் இப்போதே முடிப்போம். சின்ன நட்சத்திரங்களைத் தேடிக் கோடு போட்டு அடிக்கச் சொல்லும் தாளுக்கு ‘விண்மீன் அடித்தல்’: 56 சின்ன நட்சத்திரங்களில் நடுவிலுள்ள 2 செய்துகாட்ட, மீதி 54க்கு மதிப்பெண். அமைதியான அறையில் 54ம் எடுத்தவருக்குக்கூடச் சமையலறையில் இட அடுப்பு விடுபடலாம். அதனால்தான் கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோல் வேண்டும்: அன்றாட வேலை 10, ஒவ்வொன்றிலும் விடுபாடு எவ்வளவு என்று பார்த்து 0 முதல் 3, மொத்தம் 30. அதே 10 கேள்வியை நோயாளியிடமும் கேட்கிறோம். நாம் போட்டதற்கும் அவர் சொன்னதற்கும் உள்ள இடைவெளி, தன் குறை அவருக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதன் அளவு. அதை ‘குறையறியாமை’ எனலாம். ‘அறியாமை’ என்று மட்டும் எழுதினால் மறுபடி ஏச்சாகிவிடும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. இடக்கையை மட்டும் தொட்டால் “தொட்டீங்க” என்கிறார். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தொட்டால் வலக்கையை மட்டும் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டிங்ஷன்’. ‘அணைதல்’, ‘மறைவு’ இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. மறைவு என்றால் இறப்பு என்று படிப்பார்கள். பினாங்கு நண்பர்கள் ஒரு சொல் தாருங்கள்.

— செந்தூல்