பூட்டிய வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது: எதைக் கழற்றுவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. குண்டு பல்புகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டோம். அப்படியிருந்தும் இந்த இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 515 யூனிட் வந்திருக்கிறது. நான்கு நாள் பொள்ளாச்சியில் தங்கிவிட்டு வந்து பார்த்தால், ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட்டுப் போன வீட்டில் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மின்சாரத்தை எது இழுக்கிறது?

பதில் (சித்தூர்):
அம்மா, முதலில் அந்த 515ஐக் கவனியுங்கள். கேரளத்தில் மாதம் 250 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 500 வரைதான் படிப்படியான கட்டணம். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம். நீங்கள் குறைக்க வேண்டியது 15 யூனிட்தான், ஆனால் பில்லில் அதன் பலன் பெரிது.

மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு 3200 முறை மினுங்கும். வெளியூர் போகும்போது அணைப்பதையெல்லாம் அணைத்துவிட்டு, இரண்டு மினுங்கலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் எத்தனை வாட் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி எண்ணுங்கள்.

கேட்டவர்:
ஐயா, மகன் உள்ளே பிளக்கைக் கழற்ற, நான் கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்றேன். முதலில் 28 விநாடி, அதாவது 40 வாட். செட்டாப் பாக்ஸைக் கழற்றியதும் 37 விநாடி ஆனது. இன்வெர்ட்டரையும் கழற்றியபோது 140. மிச்சம் வைஃபை ரூட்டர். செல்போன் சார்ஜரால் வேறுபாடே தெரியவில்லை. ரிமோட்டில் அணைத்து மூன்று மணி நேரம் கழித்தும் செட்டாப் பாக்ஸின் மேல்புறம் வெதுவெதுப்பாகவே இருந்தது.

பதில் (வேலந்தாவளம்):
அந்த 40 வாட் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 58 யூனிட் ஆகிவிடும். இன்வெர்ட்டரைத் தினமும் கழற்றாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பாட்டரி பழையதென்றால் சார்ஜுக்கே கூடுதலாக இழுக்கும், ஒருமுறை சோதித்துப் பாருங்கள். செட்டாப் பாக்ஸைச் சுவரிலுள்ள சுவிட்சிலேயே நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் 10 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும்.

இன்னொன்று: சாமி அறையில் 'ஜீரோ வாட்' பல்பு எரிகிறதா? பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பு என்றால் 15 வாட் வரை இழுக்கும்.

கேட்டவர்:
எரிகிறது, இரவு முழுவதும். எல்.இ.டி. வாங்கியபோது சின்ன பல்புதானே என்று அதை மட்டும் விட்டுவைத்திருந்தோம். பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் அதுவே இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்டைத் தாண்டுகிறது. இன்று மாலையே அரை வாட் எல்.இ.டி. மாட்டிவிட்டேன்.