மறுமொழி: ‘வாரான் தஹானான்’ என்பதற்குத் தமிழில் என்ன?

அன்பு நண்பர்களே,

மலேசியாவில் மதிப்பீட்டு வரி (வீட்டுக்கும் கடைக்கும் ஊராட்சி மன்றம் போடும் வரி) பாக்கி இருந்தால், அங்குள்ள பொருள்களை எடுக்க மன்றம் பிறப்பிக்கும் ஆணைதான் ‘வாரான் தஹானான்’. வரி பாக்கி பற்றிய நம் துண்டறிக்கையில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்று நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘தடுப்பாணை’ என்றே வைத்துக்கொள்ளலாம். மலாய்ச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

செந்தூல் ஐயா, நேராக இருப்பதுதான் சிக்கல். மலாயில் ‘தஹான்’ ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். தமிழில் தடுப்பு என்றதும் நம்மவருக்குத் தடுப்புக்காவல்தான் நினைவுக்கு வரும். மதிப்பீட்டு வரி பாக்கிக்குப் போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்று ஒரு பாட்டி நம்பிவிட்டால், கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுவார். இங்கே பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அப்படி வைத்த கடிதங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் துண்டறிக்கை அவரைப் போன்றவருக்குத்தான்.

> ‘சொத்துப் பறிமுதல் ஆணை’ எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பறிமுதல் என்றால் போனது போனதுதான். கடத்தல் சிகரெட்டைச் சுங்கத்துறை பறிமுதல் செய்கிறது. இங்கே அப்படி இல்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி (சட்டம் 171), பொருளை எடுக்கும்போது பட்டியல் எழுதித் தருகிறார்கள். அப்புறமும் ஏழு நாள் உண்டு. அதற்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் பொருள் திரும்பிவிடும், கட்டாவிட்டால்தான் ஏலம்.

‘சொத்து’ என்பதும் பொருந்தவில்லை. நம் காதில் அது வீடும் நிலமும். இந்த ஆணையோடு வருகிறவர்கள் எடுப்பது டிவி, பிரிட்ஜ், சோபா போன்ற அசையும் பொருள்களை. அவை யாருடையவை என்றும் பார்க்க வேண்டியதில்லை. 148ஆம் பிரிவின்படி, வரி பாக்கியுள்ள இடத்தில் இருக்கும் எந்த அசையும் பொருளையும் எடுக்கலாம். வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட வரிக்கு வாடகைக்கு இருப்பவரின் பிரிட்ஜ் போகும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்வதே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ஆகவே ‘உடைமை’யும் வேண்டாம், அது உரியவரின் பொருள் என்று காட்டிவிடும்.

தமிழ்நாட்டில் மக்கள் ஜப்தி என்கிறார்கள், சட்டத்தமிழில் பற்றுகை. ஜப்தி இங்கே இளையவர்களுக்குத் தெரியாது. பற்றுகை புதிதாக ஒலித்தாலும், பற்றிப் பிடித்து வைப்பது என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. எனவே என் முன்மொழிவு: பொருள் பற்றுகை ஆணை. ‘பற்றாணை’ என்று சுருக்கினால் பற்றாக்குறை போல் கேட்கிறது. வெறும் ‘பற்று’ கணக்கேட்டின் பற்று வரவோடு குழம்பும்.

இதைவிட அவசரமானது இந்த ஆணைக்கு முன்னால் வரும் கடிதம், போராங் ஈ (‘ஈ’ படிவம்). அரையாண்டு வரியைப் பிப்ரவரி முடிவுக்குள்ளும் ஆகஸ்ட் முடிவுக்குள்ளும் கட்டாதவருக்கு அது வருகிறது. அதில் தரும் 15 நாள் கெடு கடந்தால் போராங் எஃப், அதாவது மேற்சொன்ன ஆணை. ‘கோரிக்கை அறிவிப்பு’ என்று மொழிபெயர்த்தால், மன்றம் ஏதோ வேண்டிக்கேட்பது போல் இருக்கிறது, வாங்கியவர் அசட்டையாக இருந்துவிடுவார். ‘பற்றுகை முன்னறிவிப்பு’ என்றால் அடுத்து என்ன வரும் என்பது தலைப்பிலேயே தெரியும். கையில் பணம் இல்லாதவரும் அந்த 15 நாளுக்குள் பினாங்கில் மாநகர் மன்ற அலுவலகம் உள்ள கொம்தார் கட்டடத்துக்கோ, கோலாலம்பூரில் டிபிகேஎல் என்னும் மாநகர் மன்றத்துக்கோ நேரில் போய், தவணை கேட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வரவேண்டும். இந்த வாக்கியத்தைத் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வருமான வரிக்கும் இதே சொல்லா என்று கேட்ட தங்கைக்கு: வேண்டாம் அம்மா. அங்கே 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், வழியே வேறு: 104ஆம் பிரிவில் வெளிநாட்டுப் பயணத்தடை, 106இல் நீதிமன்ற வழக்கு. ஒரே சொல்லைப் போட்டால் இரண்டும் கலந்துவிடும்.

‘முன்னறிவிப்பு’ வானிலையை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்லக்கூடும். ‘பற்றுகை எச்சரிக்கை’ பொருந்துமா? எனக்கு அதில் மறுப்பில்லை. அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து